அழைப்பிதழில் ஒரு பெயர்

கெடாரிலிருந்து சென்னை சென்று, மாநாடுகளை ஏற்பாடு செய்துதரும் சிறு நிறுவனமொன்றில் பணியாற்றும் இளைஞர் ஒருவர், விடுமுறையில் வந்தபோது நம்மிடம் வினவினார்: "பேச இன்னும் இசையாத அறிஞரின் பெயரை அழைப்பிதழில் போடச் சொல்கிறார்கள், சாமி. பெயரைப் பார்த்துத்தான் மக்கள் கட்டணம் செலுத்துகிறார்களாம். பின்னர் அவர் இசைந்துவிட்டால் அது பொய்யாகுமா?"

அவர் இசையலாம். ஆயினும் அச்சேறிய நாளில் அது உண்மையன்று. நாளைய நிகழ்வு இன்றைய பொய்யை மெய்யாக்காது. கட்டணம் செலுத்துவோர் பெறுவது நாற்காலியை மட்டுமன்று, ஒரு வாக்கையும்தான்.

மாநாடு கூட்டுவது நற்பணியே. தனிநாயகம் அடிகளார் 1952இல் 'தமிழ் கல்ச்சர்' என்னும் ஆங்கில இதழைத் தொடங்கி, நாடு பல சென்று அறிஞர்களோடு உறவு வளர்த்தார். 1964 சனவரியில் அவரது முயற்சியால் டில்லியில் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் பிறந்தது. 1966 ஏப்ரலில் கோலாலம்பூரில் முதல் மாநாடு கூடியது. மாநாட்டுக்கு முன்னரே நம்பிக்கை வளர்ந்திருந்தது.

"மறுத்தால் வேலை போய்விடுமே, சாமி?" என்றார் இளைஞர். அவர் ஊதியத்தை நம்பிப் பெற்றோர் இருக்கின்றனர். அக்கேள்வியை எளிதாய் ஒதுக்க நமக்கு உரிமையில்லை. பெயரின்கீழ் 'இசைவு இன்னும் வரவில்லை' என்று சேர்க்குமாறு முதலில் கேட்டுப் பார்க்கச் சொன்னோம். அதையும் மறுத்தால், அப்பெயரைத் தம் கையால் எழுதாதிருப்பதே அறம்.

அவர் சென்றபின் நம் மனம் உறுத்தியது. மறுமொழி வருமுன்னரே திருவிழா அழைப்பிதழில் சிறப்பு விருந்தினரின் பெயரை அச்சிட்டவர்கள் நாமும்தாமே!