குடு, குடுங்க

மதுரை விளாங்குடியில் ஷேர் ஆட்டோ ஏறினால், ஆரப்பாளையம் போய்ச் சேர்வதற்குள் ஓட்டுநர் வாயிலிருந்து நாலு தமிழ் வந்துவிடும். கல்லூரிப் பெண்ணிடம் "கொஞ்சம் தள்ளி உக்காரும்மா." எதிரே வரும் சேக்காளியிடம் "எங்கிட்டுடா போற?" போக்குவரத்துக் காவலரிடம் "இந்தா எடுத்துர்றேன் சார்." கூடையோடு வரும் கிழவியிடம் "ஆத்தா, பாத்து ஏறு."

கடைசியைக் கவனியுங்கள். வண்டியிலேயே மூத்தவருக்குத்தான் ஒருமை. 'ஏறுங்க' என்றிருந்தால் ஆத்தா யாரையோ சொல்கிறான் என்று திரும்பிப் பார்த்திருப்பார்.

இந்தக் கணக்கு தொல்காப்பியருக்கும் தெரியும். ஒன்றைக் கேட்பதற்கு மூன்று சொற்களைச் சொல்லதிகாரத்தில் பிரித்துவைத்தார். தாழ்ந்தவர் உயர்ந்தவரிடம் 'ஈ' என்பார். நிகரானவர் 'தா' என்பார். உயர்ந்தவர் 'கொடு' என்பார். இன்று 'ஈ' பேச்சில் இல்லை. அதிகாரம் பண்ணிய 'கொடு' இறங்கிவந்து எல்லோருக்கும் பொதுவான 'குடு' ஆகிவிட்டது. மரியாதை வேண்டிய இடத்தில் பின்னால் ஒரு 'ங்க' ஒட்டிக்கொள்கிறது, அவ்வளவுதான். (தேர்வில் இதை எழுதச் சொன்னால் நாம் திணறுவோம். ஆட்டோக்காரருக்கு ஒருநாளும் பிசகுவதில்லை.)

இறங்கும்போது ஓட்டுநர் "சில்லறையாக் குடுங்க சார்" என்றார். பையைத் துழாவிக்கொண்டே, "எங்கிட்டு வச்சேன்னு தெரியலயே" என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"இருக்கிறதக் குடுண்ணே."