உறைக்குள் இருப்பது

கதிரையில் அமர்கிறோம், பஸ்ஸில் ஏறினால் இருக்கை தேடுகிறோம். அமர்ந்திருக்கும் அந்தப் பொருளின் உள்ளே என்ன இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தவர் நம்மில் எத்தனை பேர்? அற்பமான கேள்வி என்று வாசகர் நகைக்கக்கூடும். ஆயின், எவர் கண்ணிலும் படாத இடத்தில் ஒருவன் ஏன் நேர்மையாக உழைக்க வேண்டும் என்ற பெரிய கேள்வி இதற்குள்ளேதான் பதுங்கிக் கிடக்கிறது.

மன்னார்த் தீவுக்கு எதிரே, பெருநிலக் கரையோரம், நானாட்டான் பகுதியில் உள்ள ஊர் நறுவிலிக்குளம். நறுவிலிப் பழத்தின் பசையைக் கொண்டு தாள் ஒட்டுவது பழைய வழக்கம். பசை மரத்தின் பெயர் தாங்கிய ஊரை முன்வைத்து, கிழிந்ததைச் சேர்த்துத் தைக்கும் தொழிலைப் பேசுவது பொருத்தந்தான். கட்டுக்கரைக்குளத்து நீரில் நெல் விளையும் பக்கம் இது. உழவு இயந்திரங்களுக்குக் குறைவில்லை. கடலும் அருகில், உப்புக் காற்றுக்கும் குறைவில்லை. உப்புக் காற்று முதலில் தின்பது இரும்பை. மேலே றெக்சின் பளபளத்துக் கொண்டிருக்கும்போதே உள்ளே ஸ்பிறிங் துருவேறி அறுந்து போயிருக்கும்.

இருக்கை தைப்பவர் செய்யும் முதல் வேலை தைப்பதன்று, பிரிப்பது. பழைய உறையை ஆணி ஆணியாகக் கழற்றுகிறார். அதை எறிவதில்லை, புதிய துணியை வெட்டுவதற்கு அதுவே அளவு. அடியில் சணல் பட்டிகளைக் குறுக்கும் நெடுக்குமாக இழுத்து இறுக்குகிறார். அதன் மேல் ஸ்பிறிங்குகளை நிறுத்தி, ஒவ்வொன்றையும் நாற்புறமும் மூலைவாட்டிலும் கயிற்றால் பிணைக்கிறார். ஒரு முடிச்சுத் தளர்ந்தால் பாரம் பக்கத்து ஸ்பிறிங்கில் இறங்கும். சில மாதங்களில் அதுவும் சாயும். மேலே சாக்கு, அதன் மேல் உதறிச் சீராக்கிய தென்னந்தும்பு, அதன் மேல் பஞ்சு. வளைந்த ஊசியால் விளிம்பைத் தைத்துக் கெட்டியாக்கிய பின்னரே மேலுறை. இப்போது இவற்றுக்கெல்லாம் பதிலாக ஒரே துண்டு நுரைப்பஞ்சை வெட்டி வைப்பதும் உண்டு. எப்படியாயினும், வேலையின் பெரும்பகுதி முடிந்த கணமே மறைந்துவிடுகிறது. வாடிக்கையாளன் காண்பது துணியையும் தையலையும் மட்டுமே.

எம் வீட்டுக் கதிரையொன்று ஆறே மாதத்தில் குழிந்தது. புதிய உறை, நல்ல நிறம், பார்த்தவரெல்லாம் புகழ்ந்த வேலை. பிரித்துப் பார்த்தோம். தும்புக்குப் பதிலாகக் கந்தற் துணியும் கிழிந்த சாக்குத் துண்டுகளும் திணிக்கப்பட்டிருந்தன. ஏமாற்றப்பட்டோம் என்ற கோபம் பொங்கியது. அதைச் செய்தவரை மனத்துக்குள் வைதுகொண்டிருக்கையில், வேறொரு நினைவு வந்து எம்மை நாணச் செய்தது. றெக்சினுக்கு மீற்றர் என்ன விலை என்று கேட்டு, மறுபேச்சின்றிக் கொடுத்தவர்கள் நாம். கூலி என்றதும் பேரம் பேசினோம். அவர் கேட்டதில் ஏறத்தாழப் பாதிக்கு இறக்கினோம். துணியைத் தொட்டுப் பார்க்கலாம். ஆகவே அதற்கு விலை உண்டு. முடிச்சைத் தொட்டுப் பார்க்க முடியாது; ஆகவே அது இனாம் என்று கருதினோம். குறைத்த அந்தப் பணத்தை அவர் எங்கிருந்து எடுப்பார்? நம் கண்ணுக்குத் தெரியாத இடத்திலிருந்துதான் எடுத்தார்.

இந்தக் களவு பழையது. இங்கிலாந்தில் 1495ஆம் ஆண்டிலேயே ஒரு சட்டம், மெத்தைகளிலும் தலையணைகளிலும் இறகோடு மட்டமான பொருள்களைக் கலந்து திணிப்பதைத் தடை செய்தது. அமெரிக்காவில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மெத்தைகளில் அழுக்குக் கந்தல் திணிக்கப்பட்டதால், உள்ளே இருப்பது என்ன என்று சொல்லும் துண்டு ஒன்றைத் தைக்க வேண்டும் என விதித்தார்கள். இரண்டும் நல்ல சட்டங்களே. ஆயின் இவை சோதிப்பது செய்தவனையும் விற்றவனையும். அரைக் கூலிக்கு முழு வேலை கேட்பவனைச் சோதிக்க எந்த நாட்டில் எந்தச் சட்டம் எழுதப்பட்டது?

தொழிலாளியின் குற்றத்தைக் கழுவிவிட நாம் முயலவில்லை. கந்தலைத் திணித்த கை அவருடையதே. "இந்தக் கூலிக்கு இந்த வேலைதான் வரும்" என்று வாய்திறந்து சொல்லியிருந்தால் அவர் நேர்மையாளர். சொல்லாமல் திணித்ததால் அல்லர். எனினும், அப்படிச் சொல்பவருக்கு வேலை கிடைப்பதில்லை என்பதை நாம் அனைவரும் அறிவோம். உண்மை பேசுபவனைப் பட்டினி போட்டுவிட்டு உண்மை குறைந்துவிட்டது என்று வகுப்பறையில் பாடம் நடத்துகிறோம்.

கைவேலையின் மேன்மையைப் போற்றிய வில்லியம் மொறிஸ் 1861இல் நண்பர்களோடு சேர்ந்து தளபாடமும் அலங்காரப் பொருளும் செய்யும் நிறுவனம் தொடங்கினார். நேர்த்தியாகச் செய்த பொருளுக்கு நேர்மையான கூலி சேர்ந்தபோது, அதை வாங்க வல்லவர்கள் செல்வர்களாகவே இருந்தனர். அது அவரை உறுத்தியது; 1883இல் அவர் சோஷலிச இயக்கத்துள் வந்தார். எம் கரையிலோ நிலைமை தலைகீழ். இங்கே கையால் புதுப்பிப்பது செல்வரின் இரசனையன்று, இல்லாதவரின் தேவை. 1990களின் பொருளாதாரத் தடையில் யாழ்ப்பாணத்துப் பழைய ஒஸ்ரின், மொறிஸ் மைனர் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு அது மீளத் திறந்தது 2025இலேதான். ஓடுவதை ஓட்டியே ஆகவேண்டிய அக்காலத்தில், கிழிந்த இருக்கையைத் தைப்பதைத் தவிர வேறு வழி பலருக்கு இருக்கவில்லை.

இங்கேதான் எம் வாதத்துக்கு ஒரு முட்டுக்கட்டை. முச்சக்கர வண்டி ஓட்டுபவரும் அன்றாடம் உழைத்து உண்பவர். முழுக் கூலி கொடு என்று அவரிடம் எந்த வாயால் சொல்வது? ஏழை ஒருவர் ஏழை ஒருவரிடம் பேரம் பேசுகிறார். இருவருக்குமிடையே உள்ள குறையைத் தும்பின் இடத்தில் வந்த கந்தல் அடைக்கிறது. அந்தக் குறையை உண்டாக்கியவர்கள் அந்தத் திண்ணையில் இல்லை. கூலியையும் இறக்குமதியையும் விலைவாசியையும் தீர்மானிக்கும் இடங்களில் இருக்கிறார்கள். மாதச் சம்பளம் பெறும் ஆசிரியருக்கு அந்தச் சாக்கும் இல்லை. எமக்கும் இருக்கவில்லை.

கதிரையை மறுபடி வேறொருவரிடம் கொண்டு சென்றோம். கூலியைக் கேட்டோம்; சொன்னதைக் குறைக்கவில்லை. வேலை நடந்த இரண்டாம் நாள், மேலுறையை இழுத்து ஆணியடிக்குமுன் அவர் எம்மை அழைத்தார். "ஐயா, மூடுறதுக்கு முன்னம் கையை வைச்சு ஒருக்கா அமத்திப் பாருங்கோ" என்றார். அமர்த்திப் பார்த்தோம். ஒரு மூலை சற்றுத் தாழ்ந்திருந்தது. அவரும் அதைக் கண்டார். ஊசியைக் கீழே வைத்துவிட்டு, ஒரு பிடி தும்பை எடுத்து உதறத் தொடங்கினார்.