அங்குலிமாலர் பிச்சைக்குச் சென்ற வீதி

கோசல நாட்டு அரண்மனைப் புரோகிதரின் மகனுக்குப் பெற்றோர் இட்ட பெயர் அஹிம்சகன். தட்சசீலத்தில் கல்வி பயின்ற அவன், மாணாக்கருள் முதல்வனாகத் திகழ்ந்தான். உடன் பயின்றோர் பொறாமையால் ஆசிரியரின் நெஞ்சில் நஞ்சைக் கலந்தனர். ஆயிரம் மனித விரல்களைக் குருதட்சிணையாகக் கேட்டார் ஆசிரியர். அஹிம்சகன் அங்குலிமாலன் ஆனது இவ்வாறுதான் என்கின்றன பௌத்த உரைநூல்கள். அவன் எழுத்தறியாதவன் அல்லன் என்பது கருதத்தக்கது; மாணவனைக் கைவிட்ட ஓர் ஆசிரியரின் சொல்லே அவனைக் காட்டுக்கு அனுப்பியது.

பகவான் புத்தர் அவனை ஆட்கொண்டதை யாவரும் அறிவர். பின்னர் நிகழ்ந்தது அத்துணைப் பேசப்படுவதில்லை. கள்வனைப் பிடிக்கப் படையுடன் புறப்பட்ட பசேனதி மன்னன், துறவியாகிவிட்ட அவரைக் கண்டதும் பணிந்து, உடையும் உணவும் அளிக்க முன்வந்தான். ஆனால் சாவத்தி நகரில் பிச்சைக்குச் சென்றபோது அவர்மீது கல்லும் கட்டையும் விழுந்தன. தலையில் குருதி வழிய, உடைந்த பிச்சைப் பாத்திரத்துடன் அவர் திரும்பினார். மன்னன் மன்னித்தான், ஊர் மன்னிக்கவில்லை.

சிறப்பு இல்லத்திலிருந்து இன்று வெளிவரும் சிறுவன் நடப்பதும் அந்த வீதியில்தான். அரசின் சட்டம் அவனிடம் பெரிதும் கருணை காட்டுகிறது. 1850-ஆம் ஆண்டிலேயே, சிறு குற்றம் புரிந்த சிறுவரைத் தொழில் பழக அனுப்பும் சட்டம் இந்தியாவில் வந்தது. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் இல்லங்களில் கல்வியும் தொழிற்பயிற்சியும் அளிக்கப்பட வேண்டும் என்கிறது. பள்ளிக்குச் செல்லுமாறு சிறுவனுக்கு ஆணையிடும் அதிகாரத்தை இளைஞர் நீதிக் குழுமத்துக்கு வழங்குகிறது. வழக்கு முடிந்தபின் நன்னடத்தைச் சான்றிதழுக்காக அப்பழைய பதிவைக் காவல்துறை வெளியிடலாகாது என்றும் விதிக்கிறது.

கல்வி குற்றத்தைத் தடுப்பது எவ்வாறு? அமெரிக்கச் சிறைகளில் நடந்த பல ஆய்வுகளை ராண்ட் நிறுவனம் 2013-இல் தொகுத்து நோக்கியது. சிறையில் கல்வி பயின்றோர் மீண்டும் குற்றத்தில் வீழும் வாய்ப்பு, பயிலாதோரைவிட 43 விழுக்காடு குறைவு எனக் கண்டது. அவர்கள் வயது வந்தோர். சிறுவனுக்கோ பாடத்துடன் வேறொன்றும் கிடைக்கிறது: காலையில் எழுந்து செல்ல ஓரிடம், புதிய தோழர்கள், பெயர் சொல்லி அழைக்கும் ஆசிரியர். இல்லத்தில் தொடங்கிய இவை வாயிற்கதவைத் தாண்டியதும் அறுந்துபோனால், கற்ற கணக்கு மட்டும் அவனைக் காத்துவிடாது. தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாக அவன் தேர்வு எழுதலாம். அது பெரும் உதவியே. ஆயினும் நீண்ட பகற்பொழுது தனிமையிலேயே கழியும். தெருமுனையில் காத்திருக்கும் பழைய கூட்டாளிகள் மாற்றுச் சான்றிதழ் கேட்பதில்லை.

மற்றப் பிள்ளைகளின் பெற்றோர் அஞ்சுவது இயல்பே, அவ்வச்சத்தை இகழலாகாது. எனினும், அவ்வச்சத்தைக் காட்டிச் சேர்க்கை மறுக்கும் பள்ளி, சிறுவனை அக்கூட்டாளிகளிடமே திருப்பி அனுப்புகிறது. தட்சசீலத்து ஆசிரியர் கோள்மொழியைக் கேட்டார். மாணவனை அழைத்து ஒரு வார்த்தையும் வினவவில்லை.

ஜூன் மாதம். பள்ளி திறந்து ஒரு வாரம் ஆகிறது. தலைமையாசிரியர் அறைக்கு வெளியே, கையில் விண்ணப்பத்துடன் ஒரு தாய் நிற்கிறாள். சிறுவன் அவளுக்குச் சற்றுப் பின்னால், தரையைப் பார்த்தபடி நிற்கிறான்.