யாருடைய புள்ளி?

அந்தப் பையனை "மொக்கு" என்று முதலில் அழைத்தவன் நான்தான். கரும்பலகையில் இருப்பதைப் பிழையாகவே பார்த்தெழுதுவான். புலமைப்பரிசில் பரீட்சைக்கு மூன்று மாதம் இருக்கையில் கண்ணாடி போட்டான், பிழைகள் குறைந்தன. அதற்குள் இரண்டு வருடம் போய்விட்டது. காலையில் வெறும் பிளேன்ரீயோடு வருகிறவன் என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

வாப்பா பழைய இரும்பு வாங்கி விற்பவர். 1990 ஒக்டோபர் 30இல் யாழ்ப்பாண முஸ்லிம்களை இரண்டு மணி நேரத்தில் வெளியேறும்படி புலிகள் பணித்தபோது அவரும் பாடசாலைப் பிள்ளை. புத்தளத்து ஓலைக் கொட்டிலோடு படிப்பு நின்றது. மகனின் கொப்பியைப் பார்த்துச் சொல்லிக்கொடுக்க அவரால் இயலாது.

1945இல் கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்வி பாடசாலைக் கதவைத் திறந்தது, மறுக்கவில்லை. காலைச் சாப்பாடும் அமைதியான மூலையும் வீட்டின் பொறுப்பாகவே நின்றுவிட்டன. பல்கலைக்கழக அனுமதியிலும் பெரும்பாலான துறைகளில் 40 வீதம் திறமைக்கு, 55 வீதம் மாவட்டங்களுக்கு, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. நியாயமான ஏற்பாடுதான். ஆனால் அது மாவட்டத்தைப் பார்க்கிறது, வீட்டைப் பார்ப்பதில்லை. ரியூட்டரிக்குப் போகும் பிள்ளையும் மீள்குடியேறியவரின் பிள்ளையும் ஒரே வெட்டுப்புள்ளிக்கு முன் நிற்கிறார்கள்.

வறுமையில் படித்து டொக்டரானவரை உதாரணம் காட்டுவார்கள். அவர் ஏறியது உண்மை. அதை வைத்து மற்றப் பிள்ளையைச் சோம்பேறி என்பது எப்படி?

அவனுக்கு வெட்டுப்புள்ளி கிடைக்கவில்லை. அந்தக் குறைவில் என் இரண்டு வருடமும் இருக்கிறது. இப்போது வருடத்தின் முதற்கிழமையிலேயே ஒவ்வொருவரையும் கடைசி வாங்கில் இருத்திப் பலகையை வாசிக்கச் சொல்கிறேன்.