மடி கட்டி விற்ற ஆடு

கறவை ஆடு வாங்கச் சந்தைக்குச் செல்பவர் முதலில் மடியைத்தான் பார்ப்பார். மடி பருத்திருந்தால் பால் மிகுதி என்று கணக்கிடுவார். அக்கணக்குக்கு ஏற்பவே விலையும் பேசுவார். இதை நன்கறிந்த வணிகர் சிலர் பண்டை அரபு நாட்டில் ஒரு தந்திரம் செய்து வந்தனர். விற்பதற்கு முன் இரண்டு மூன்று நாள்கள் பாலைக் கறக்காமல் காம்புகளைக் கட்டி விடுவர். மடி புடைத்து நிற்கும். "இது நிறையக் கறக்கும்" என்று விற்பவர் வாய் திறந்து சொல்ல வேண்டியதே இல்லை, மடியே பேசிவிடும். ஃபிக்ஹ் நூல்கள் 'தஸ்ரியா' என்றழைக்கும் இச்செயலை நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். ஏமாந்து வாங்கியவர், கறந்து பார்த்தபின் விரும்பினால் வைத்துக்கொள்ளலாம். இல்லையேல் ஒரு ஸாவு பேரீச்சம்பழத்தோடு திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றும் வழிகாட்டினார்கள். திருப்பித் தரும் உரிமையைப் பற்றி ஹனஃபி அறிஞர்களுக்கு வேறு கருத்துண்டு. ஷாஃபிஈ மத்ஹபில் அது நிலைபெற்ற சட்டம். அவ்விவாதத்துள் நாம் இங்குப் புகவில்லை. செயல் தீது என்பதில் இரு சாராரும் ஒன்றுபட்டவர்களே.

ஒரு பொய்ச் சொல்லும் சொல்லாமல் ஒருவரை ஏமாற்ற முடியும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று நமக்குக் கிடைக்காது. இன்று வீட்டு உடற்பயிற்சிக் கருவிகளின் விளம்பரங்களைக் காணும்போது நமக்கு அந்தக் கட்டிய மடிதான் நினைவுக்கு வருகிறது. தமிழில் குரல் மாற்றி ஒளிபரப்பப்பட்ட அந்த நீண்ட தொலைக்காட்சி விளம்பரங்களைப் பார்க்காத வீடு நம்மிடையே குறைவு. இப்போது அவை கைப்பேசிக்குள்ளும் வந்துவிட்டன. வரிவரியாகத் தசை எழுந்த வயிற்றோடு ஓர் இளைஞர் நிற்கிறார். இடுப்பில் ஒரு பெல்ட். முகத்தில் புன்னகை. அந்த வயிறு ஆண்டுக்கணக்கான உழைப்பாலும் உணவுக் கட்டுப்பாட்டாலும் வந்தது. பெல்ட்டோ படப்பிடிப்பன்று காலையில் கட்டப்பட்டது. "இதனால்தான் அது" என்று எவரும் சொல்லவில்லை. பார்ப்பவரே இரண்டையும் முடிச்சுப் போட்டுக்கொள்கிறார்.

வாய் திறந்தே சொன்னவர்களும் உண்டு. அமெரிக்காவில் 1949 முதல் 'ரிலாக்ஸசைசர்' என்றொரு மின்கருவி, உட்கார்ந்த இடத்திலேயே இடையைச் சிறுக்க வைக்கும் என்று பெண்களுக்கு விற்கப்பட்டது. நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்ட கருவிகள் விற்றுத் தீர்ந்தபின், 1970இல் நீதிமன்றம் அது உடலுக்குத் தீங்கு செய்யவல்லது என்று கண்டு விற்பனையைத் தடுத்தது. பாடம் மறக்க முப்பதாண்டு போதுமாயிற்று. 2002 மே மாதத்தில் அந்நாட்டுக் கூட்டரசு வணிக ஆணையம், ஏபிட்ரானிக், ஏபி எனர்ஜைசர், ஃபாஸ்ட் ஆப்ஸ் என்னும் மூன்று மின் பெல்ட்டுகளை விற்றவர்கள்மீது வழக்குத் தொடுத்தது. பெல்ட்டைப் பத்து நிமிடம் கட்டியிருந்தால் 600 முறை படுத்தெழுந்ததற்கு ஈடு என்று விளம்பரம் கூறியிருந்தது. 2012இல் 'ஏப் சர்க்கிள் ப்ரோ' என்ற மற்றொரு கருவியின் முறை. நாளொன்றுக்கு மூன்று நிமிடம் போதும், இரண்டே வாரத்தில் பத்துப் பவுண்டு குறையும் என்றார்கள். வாங்கியோருக்கு ஒன்றரைக் கோடி முதல் இரண்டரைக் கோடி டாலர் வரை திருப்பித் தர உடன்பட நேர்ந்தது.

தசையை மின்னால் துடிக்கச் செய்யும் கருவிகள் மருத்துவத்தில் இல்லாமலில்லை. செயலிழந்த தசைகளுக்கு அவற்றால் நன்மையுண்டு. கொழுப்பைக் கரைக்கும் என்பதுதான் கட்டிவிட்ட கதை.

வயிற்றை அசைத்தால் வயிற்றுக் கொழுப்புக் கரையும் என்ற எண்ணம் பார்வைக்கு நியாயமாகவே படுகிறது. ஆராய்ந்தவர்கள் கண்டது வேறு. டென்னிஸ் ஆடுவோர் ஆண்டுக்கணக்கில் ஒரே கையை உழைக்க வைக்கிறார்கள். 1971இல் அவர்களுடைய இரு கைகளையும் அளந்தபோது, ஆடும் கை பருத்திருந்தது; தோலடிக் கொழுப்பின் தடிப்பிலோ வேறுபாடு காணப்படவில்லை. 1984இல் வெளியான ஆய்வில் 13 ஆடவர் 27 நாள்களில் ஆளுக்கு 5004 முறை படுத்தெழுந்தனர். வயிறு, பின்தோள், பிட்டம் என மூன்றிடத்துக் கொழுப்பணுக்களையும் எடுத்து அளந்தார்கள். மூன்றும் ஒத்த அளவிலேயே சிறுத்திருந்தன. 2011இல் ஆறு வாரம் வயிற்றுப் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கு வயிற்றுக் கொழுப்புக் குறையவில்லை. கடும் பயிற்சியில் சிறிதளவு இடவேறுபாடு தெரிந்ததாகச் சொல்லும் ஆய்வும் அரிதாக உண்டு; அது வியர்க்க உழைத்தவர்களைப் பற்றியது, பெல்ட் கட்டிக்கொண்டு அமர்ந்திருந்தவர்களைப் பற்றியதன்று.

காரணம் எளிது. உடலிலுள்ள கொழுப்பு பைத்துல்மாலைப் போன்ற பொதுச் சேமிப்பு. தேவை எழும்போது அது கொழுப்பமிலமாகப் பிரிந்து குருதியில் கலக்கிறது. உழைக்கும் தசை குருதியிலிருந்து எடுத்துக்கொள்கிறது. தன் அண்டை வீட்டுக் குதிரைத் திறந்து எடுத்துக்கொள்ளும் வழி தசைக்கு இல்லை. எரிந்த கொழுப்பு எங்கே போகிறது என்பதையும் 2014இல் இருவர் கணக்கிட்டுக் காட்டினர்: பத்துக் கிலோ கொழுப்பு முற்றாக எரிந்தால் 8.4 கிலோ கரியமில வாயுவாக மூச்சில் வெளியேறும், மீதி நீராகும். வயிற்றில் மூன்றிலொரு பங்கை மூச்சுக்கு விடச் சொன்ன நபிமொழியை இதனோடு பொருத்திப் பார்க்கச் சிலருக்கு ஆவல் எழலாம். அது அளவோடு உண்பதைப் பற்றியது. ஆய்வுக்கூடத்துக்கு இழுத்து வந்து அதற்குச் சான்று தேட வேண்டியதில்லை. வெப்பமூட்டும் வியர்வை பெல்ட்டால் குறைவது நீரின் எடையே. இரண்டு குவளைத் தண்ணீரில் அது திரும்பிவிடும்.

இனி நாம் கேட்க விரும்பும் வினாவுக்கு வருவோம். உழைக்காமல் கூலி கேட்பவரும் குற்றவாளிதானே, விரும்பி ஏமாறுபவரை ஏமாற்றியதில் பாதிப் பாவம் அவருடையது அன்றோ என்று வணிகர் வாதிடலாம். நம்மிலும் பலர் ஏமாந்தவரைப் பார்த்துச் சிரிக்கத்தான் செய்கிறோம். இவ்வாதம் நமக்கு ஏற்புடையதாகத் தோன்றவில்லை. மடி பருத்த ஆட்டை விரும்பியவரும் மிகுந்த பாலுக்கு ஆசைப்பட்டவர்தாம். அவருடைய ஆசையைக் காரணம் காட்டி விற்றவரின் பொறுப்புக் குறைக்கப்படவில்லை; திருப்பித் தரும் உரிமையல்லவா வழங்கப்பட்டது! ஆசை மனிதருக்கு இயல்பு. அதை அளந்து பார்த்து, அது எங்கே கண்ணை மறைக்கும் என்று கண்டறிந்து, அந்த இடத்திலேயே கயிற்றைக் கட்டுவது திட்டமிட்ட செயல்.

அதிலும் இங்கே கயிறு கட்டப்படுவது வெட்கத்தின்மீது. பிள்ளைப் பேற்றுக்குப்பின் உடல் பருத்த பெண், கண்ணாடி முன் நிற்கத் தயங்கும் பெண், உறவினர் திருமணத்தில் ஒரு சொல்லால் குத்தப்பட்ட பெண் ஆகியோரே இவ்விளம்பரங்களின் இலக்கு. கருவி பயன் தராதபோது அவள் கருவியைக் குறை சொல்வதில்லை, தன் சோம்பலைத்தான் நொந்துகொள்கிறாள். பெட்டிக்குள் பல வேளை ஓர் உணவுக் குறிப்பும் இருக்கும். எடை குறைந்தால் அக்குறிப்பால்தான் குறையும். மேலே உலர்ந்த தானியமும் அடியில் நனைந்த தானியமுமாக விற்றவரின் குவியலுக்குள் நாயகம் (ஸல்) அவர்கள் கைவிட்டுப் பார்த்து, நனைந்ததை மேலே வைக்கலாகாதா என்று கேட்ட நிகழ்ச்சியை நாமெல்லாம் அறிவோம். குறிப்புத் தாளை மேலே வைத்தால் பெல்ட்டை எவர் வாங்குவார்?

பணம் போனால் போகட்டும் என்று விடவும் முடியாது. தெற்காசியரின் உடல் வயிற்றில் கொழுப்பை எளிதில் சேர்த்துக்கொள்ளும் இயல்புடையது. இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரும் எட்டினால் எச்சரிக்கை என்று நமக்கென்றே தனி வரம்பு வகுத்திருக்கிறார்கள். சர்க்கரை நோய் எட்டிப் பார்க்காத குடும்பம் எது? பெல்ட்டை நம்பிக் கழிந்த ஆறு மாதம் நடையிலும் உணவிலும் செலவாகியிருக்க வேண்டிய ஆறு மாதம்.

இந்தியாவில் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தவறான விளம்பரத்துக்குப் பத்து இலட்சம் ரூபாய் வரையிலும், மீண்டும் செய்தால் ஐம்பது இலட்சம் வரையிலும் தண்டம் விதிக்க வழி செய்தது; பரிந்துரைத்து நடிப்பவரையும் அது விட்டுவைக்கவில்லை. விளம்பரத்தை வெளியிடுவோரும் அதன் வரம்புக்குள் உண்டு. நம் சமுதாய இதழ்களின் பின்னட்டைகளை நிரப்புவோர் இதை ஒருமுறை படித்து வைப்பது நன்று.

இவ்வளவு சொன்னபின், இக்கருவிகள் நம் வீடுகளில் இத்தனை எளிதாக நுழைந்தது ஏன் என்றும் கேட்க வேண்டும். "வீட்டைவிட்டு வெளியே போக வேண்டாம்" என்பதே அவற்றின் முதல் வாக்குறுதி. காலையில் ஆண்கள் சுபுஹு தொழுது கடற்கரையிலோ சாலையிலோ நடந்துவிட்டு வருகிறார்கள். அதே ஊரில் பெண் நடந்தால் நாலு பேர் பேசுவார்கள் என்று அஞ்சுகிறோம். பணமிருப்பவர் பெல்ட் வாங்கித் தருகிறார். வணிகர் கட்டிய கயிற்றின் ஒரு நுனி நம் கையிலும் இருக்கிறது. நோன்புக் காலத்தில் தராவீஹுக்குப் பெண்களுக்கென்று இடம் ஒதுக்கத் தெரிந்த மஹல்லாவுக்கு, ஜமாஅத் மண்டப முற்றத்தையோ மதரஸா மைதானத்தையோ அஸருக்குப்பின் ஒரு மணி நேரம் அவர்கள் நடப்பதற்குத் திறந்துவிடத் தெரியாதா?