வனம் புகும் விண்ணப்பம்

நாக்பூரில் ரயில்வே கணக்குப் பிரிவில் பணிபுரிந்து ஓய்வுபெற்ற ஒருவரும் அவருடைய மனைவியும் ஒரு மாலைப்பொழுதில் ஒரு விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்துகொண்டிருந்தனர். அவர்களின் மகன் மெல்பர்னில் குடியுரிமை பெற்று வாழ்கிறான். மகள் புனேயில் இருக்கிறாள். எஞ்சிய காலத்தை மகனோடும் பேரக்குழந்தைகளோடும் கழிக்க வேண்டும் என்பது அவர்களின் விருப்பம்.

பெற்றோருக்கு நிரந்தரமாகத் தங்கும் அனுமதி அளிக்க ஆஸ்திரேலிய அரசு விதித்துள்ள நிபந்தனைகளுள் ஒன்று பிள்ளைகளை எண்ணிப் பார்ப்பது. பிள்ளைகளுள் பாதிப் பேராவது அந்நாட்டில் நிலையாக வாழ்ந்தால் தகுதி உண்டு. இருவரில் ஒருவன் அங்கே இருப்பதால் கணவருக்கு நிம்மதி. மனைவியோ பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "இருவருக்கும் ஒரே கிண்ணத்தில் சோறு பிசைந்து ஊட்டினேன். இன்று ஒருவன் அந்தப் பக்கம், ஒருத்தி இந்தப் பக்கம் என்று எழுதுகிறேனே!" என்று கண்கலங்கினார்.

செய்தியைக் கேட்ட மகள் தொலைபேசியில் கூறினாள்: "நீங்கள் போவதில் எனக்கு வருத்தம் இல்லை, அம்மா. அண்ணன் வீட்டிலும் நம் வீட்டையே தேடிக்கொண்டிருப்பீர்களோ என்பதுதான் என் கவலை."

இந்தக் கவலை சிந்திக்கத் தக்கது. விண்ணப்பம் பலவற்றைக் கேட்கிறது. உடல்நலம் எப்படி என்று மருத்துவச் சோதனை கேட்கிறது. நடத்தை எப்படி என்று காவல்துறைச் சான்றிதழ் கேட்கிறது. பெருந்தொகை செலுத்தும் பிரிவில் ஒருவருக்கு 40,000 ஆஸ்திரேலிய டாலருக்கும் மேல் கட்டணம். குறைந்த கட்டணப் பிரிவிலோ புதிதாக விண்ணப்பிப்போர் 30 ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்க நேரும் என்று அந்நாட்டு அரசே அறிவித்துள்ளது. இவ்வளவும் கேட்கும் விண்ணப்பம் ஒன்றை மட்டும் கேட்பதில்லை: போகிறவர் எந்த மனத்தோடு போகிறார்? அதைக் கேட்க வேண்டியவர் விண்ணப்பிப்பவரே.

முதுமையில் இருப்பிடம் மாறுவது நமது மரபுக்குப் புதிதன்று. தோலில் சுருக்கமும் தலையில் நரையும் கண்டு, பிள்ளைக்குப் பிள்ளை பிறந்ததையும் கண்டபின், இல்லறத்தான் வனம் செல்லலாம் என்று மனுஸ்மிருதி விதிக்கிறது. இதுவே வானப்பிரஸ்தம். வனம் என்பது மரங்கள் அடர்ந்த இடம் மட்டுமன்று. இல்லறத் தலைவனின் சொல் செல்லாத இடமும் அதுவே. அங்கே அவன் ஆணையிட யாரும் இல்லை. அவனைக் கேட்டுச் செய்யவும் யாரும் இல்லை. குடும்பத் தலைவன் என்ற எண்ணத்தை இறக்கி வைப்பதற்காகவே அந்த ஆசிரமம் ஏற்பட்டது.

மகாபாரதத்தின் ஆசிரமவாசிக பர்வத்தில் வனம் செல்லும் முதியோர் இருவரைக் காண்கிறோம். ஒருவர் திருதராஷ்டிரர். போருக்குப் பின் 15 ஆண்டுகள் யுதிஷ்டிரரின் அரண்மனையில் சகல மரியாதைகளுடன் வாழ்ந்தார். எனினும் பீமனின் கடுஞ்சொற்கள் அவரைச் சுட்டன. இறந்த மைந்தர்களின் நினைவு வாட்டியது. அவரும் விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. அரசனான யுதிஷ்டிரரிடம் அனுமதி வேண்டினார். யுதிஷ்டிரர் தயங்கினார். வியாசர் வந்து எடுத்துரைத்த பிறகே விடை கிடைத்தது.

மற்றொருவர் குந்திதேவி. அவருக்கு எந்தக் குறையும் இல்லை. பெற்ற மகன் அரசன். மற்ற மைந்தர்களும் அருகில். ஆயினும் திருதராஷ்டிரரோடும் காந்தாரியோடும் அவரும் புறப்பட்டார். பிள்ளைகள் கெஞ்சினர். கணவர் காலத்தில் அரச வாழ்வின் பயனைத் தாம் அனுபவித்துவிட்டதாகவும், மக்கள் வென்ற அரசின் பயனைத் தாம் நாடவில்லை என்றும் அத்தாய் விடையளித்தார். திருதராஷ்டிரரை மனப்புண் வெளியே தள்ளியது. குந்தியை நிறைவு அழைத்துச் சென்றது. இருவரும் சென்ற வனம் ஒன்றே.

இன்றைய பெற்றோருக்கும் இது பொருந்தும். தனிமைக்கு அஞ்சி மட்டும் புறப்படுபவருடன் அந்த அச்சமும் விமானம் ஏறுகிறது. பேரக்குழந்தையின் பேச்சு புரியாத நாளில், மருமகள் சமையலறையைத் தன் வழியில் நடத்தும் நாளில், வெளியே செல்ல மகனின் வாகனத்தை எதிர்பார்த்திருக்கும் நாளில், 'இது என் வீடு அல்லவே' என்று உள்ளம் குமுறும். உரிமையை முன்பே இறக்கி வைத்தவருக்கோ அந்த நாட்களே சாதனை ஆகின்றன. அவர் கேட்டால் மட்டுமே யோசனை கூறுவார். கேளாதபோது ஜபமாலையைக் கையில் எடுப்பார். இப்படி வாழ மெல்பர்னுக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. போகக் கூடாது என்பதும் இல்லை.

பகவத்கீதையின் பன்னிரண்டாம் அத்தியாயத்தில் பக்தனின் இலக்கணங்களுள் ஒன்றாக 'அநிகேதன்' என்ற சொல் வருகிறது. வீடற்றவன் என்பது அதன் பொருள். கூரை இல்லாதவன் என்பது அதன் கருத்தன்று. எந்தக் கூரையையும் 'எனது' என்று பற்றாதவன் என்பதே கருத்து. அவனுக்கு இறைவனே இருப்பிடம். அங்கே குடியேற வயது வரம்பு இல்லை, கட்டணம் இல்லை, பிள்ளைகளை இரு பக்கமாகப் பிரித்து எழுத வேண்டியதும் இல்லை.

நாக்பூர்த் தம்பதியர் விண்ணப்பத்தை அனுப்பிவிட்டனர். பதில் வரப் பல ஆண்டுகள் ஆகலாம், வராமலும் போகலாம். ஆனால் அந்த அம்மையார் அன்றே ஒன்று செய்தார். வீட்டின் சாவிக்கொத்தைப் பூஜையறையில் இறைவனின் திருவடியில் வைத்தார். ஒவ்வொரு காலையிலும் விளக்கேற்றி வணங்கிய பிறகே அதை எடுக்கிறார். இரவில் மீண்டும் அங்கேயே வைத்துவிடுகிறார்.