திமிங்கிலத்தின் பின்னங்கால்

ஐந்தாம் நாளில் இறைவன் பெரும் கடல் விலங்குகளைப் படைத்தார் என ஆதியாகமத்தில் வாசிக்கிறோம். விலங்கியல் கற்கும் பிள்ளையோ, திமிங்கிலத்தின் மூதாதை தரையில் நடந்ததென்று பாடசாலையிலிருந்து கேட்டு வருகிறது. எதை நம்புவதென்று அது வினவும்போது, அதட்டுவது பதிலாகாது.

சான்றுகள் இலேசானவையல்ல. பாகிஸ்தானில் அகப்பட்ட, ஏறத்தாழ 5 கோடி ஆண்டுப் பழமையான பாக்கிசீற்றஸ் நான்கு காலில் நடந்தது. அதன் காதெலும்போ திமிங்கிலத்தினுடையதைப் போன்றது. எகிப்தின் பாலைவனத்தில் கிடைத்த பசிலோசோரஸ் முற்றிலும் கடல்வாசி. ஆயினும் நடக்க உதவாத சின்னஞ்சிறு பின்னங்கால்கள் அதற்கு இருந்தமை 1990இல் வெளியாயிற்று. இன்றைய திமிங்கிலமும் நுரையீரலால் மூச்சுவிட்டு, குட்டிக்குப் பாலூட்டுகிறது.

இயற்கையை அறியாமல் வேதத்தின் பேரால் பேசும் கிறிஸ்தவன் வேதத்தையே நகைப்புக்கிடமாக்குகிறான் எனப் புனித அகுஸ்தீனார் அன்றே எச்சரித்தார். மனித உடலின் தோற்றம் பற்றிய ஆய்வுக்கும் 1950இல் பாப்பரசர் 12ம் பத்திநாதர் இடமளித்தார். ஆன்மாவை இறைவனே நேரடியாகப் படைக்கிறார் என்பதை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை.

என்னை உறுத்துவது வேறொன்று. வழியில் அழிந்துபோன அத்தனை உயிரினங்களும் திமிங்கிலத்துக்குப் படிக்கற்கள்தானா? அப்படி நான் எண்ணவில்லை. பாக்கிசீற்றஸும் தன் குட்டியைப் பேணி வளர்த்த ஓர் உயிரே. நல்லதென்று இறைவன் கண்டவற்றுள் அதுவும் அடங்கும்.